‘ஆட்கள் தேவை’ விளம்பரங்களை வைத்து வாடிக்கையாளரும் ஆளும் தேடுவது எப்படி

கோயம்புத்தூரில் நான் பார்ப்பது இரண்டு வேலை. சிறிய தொழிற்சாலைகளுக்கு மாதச் சம்பளப் பட்டியல் போட்டு, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டிக் கொடுப்பது ஒன்று. அதே தொழிற்சாலைகளுக்கு ஆபரேட்டர், சூப்பர்வைசர் தேடிக் கொடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் வேண்டிய தகவல் ஒன்றுதான்: எந்த நிறுவனம், எங்கே, எந்த வேலைக்கு, எப்போதிலிருந்து ஆள் கேட்கிறது. இது புரிவதற்குள் எனக்கு ஒரு வருஷமும் கொஞ்சம் பணமும் போய்விட்டது.

தொடக்கத்தில் 9,000 ரூபாய் கொடுத்து ‘கோவை நிறுவனங்கள்’ என்று ஓர் எக்செல் கோப்பு வாங்கினேன். 12,000 வரிகள். மூன்று வாரம் உட்கார்ந்து ஃபோன் போட்டேன். பாதி எண்கள் உபயோகத்திலேயே இல்லை. ஒருவர், கம்பெனியை மூடி இரண்டு வருஷமாயிற்று என்றார். இன்னொருவர், “இதே லிஸ்ட்ட வெச்சுட்டு இந்த வாரம் கூப்பிடுற நாலாவது ஆளுங்க நீங்க” என்றார். வெறுத்துப்போய் ஒருநாள் மலுமிச்சம்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு கேட்டில் பலகை தொங்கியது: ‘சிஎன்சி ஆபரேட்டர், ஹெல்பர், டைம் ஆபீஸ் அசிஸ்டன்ட் தேவை. இஎஸ்ஐ, பிஎஃப் உண்டு.’ டைம் ஆபீஸ் என்றால் ஆட்களின் வருகையைக் கணக்கு வைக்கும் இடம். ஆட்கள் கூடுகிறார்கள், வருகைக் கணக்கு அநேகமாக இன்னும் நோட்டில்தான் ஓடுகிறது, பிஎஃப் கணக்கு இருக்கிறது. எனக்கு வேண்டிய மூன்றும் அந்தப் பலகையிலேயே இருந்தன. (அந்தக் கம்பெனி கடைசிவரை என் வாடிக்கையாளர் ஆகவில்லை. கைரேகை மெஷின் வாங்கி மாட்டி அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அது வேறு கதை.)

வேலை விளம்பரங்களை வைத்துத் தொழில் தேட நினைக்கும் புதியவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உங்களுக்கான அறிகுறி எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லா விளம்பரத்தையும் சேகரிக்க ஆரம்பித்தால் பத்து நாளில் கைவிட்டுவிடுவீர்கள். நீங்கள் விற்கும் பொருள் ஒரு கம்பெனிக்குத் தேவைப்படும் நேரத்தில், அந்தக் கம்பெனி எந்த வேலைக்கு ஆள் எடுக்கும் என்று யோசியுங்கள்.

எனக்கு ‘டைம் ஆபீஸ் அசிஸ்டன்ட்’ என்பது நல்ல அறிகுறி. நீங்கள் அளவுக்கருவி விற்பவர் என்றால் ‘க்யூசி இன்ஸ்பெக்டர், சிஎம்எம் தெரிந்தவர்’ என்ற வரியைத் தேடுங்கள் (சிஎம்எம் என்பது உதிரிபாகங்களை அளக்கும் மெஷின்). கட்டிங் டூல் விற்பவர் என்றால் ‘விஎம்சி செட்டர்’, அதாவது உலோகம் வெட்டும் மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர். ஒரே கம்பெனி ஒரே மாதத்தில் செட்டர் இரண்டு பேர், ஆபரேட்டர் ஆறு பேர் கேட்டால் மெஷின் வந்து இறங்கியிருக்கிறது, அல்லது இறங்கப்போகிறது. ‘ஃபனுக்’, ‘சீமென்ஸ்’ என்று கண்ட்ரோலர் பெயரையும் எழுதியிருந்தால் என்ன மெஷின் என்பதும் பாதி தெரிந்துவிடும். திருப்பூர்ப் பக்கம் ‘டெய்லர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங் ஆட்கள் தேவை, தங்குமிடம் உணவு இலவசம்’ என்று வரும் விளம்பரம் கேன்டீன் எடுத்து நடத்துபவருக்கும் மளிகை மொத்த வியாபாரிக்கும் உரியது. ‘வேன் வசதி உண்டு’ என்பது டிராவல்ஸ்காரருக்கு. ‘டேலி தெரிந்த அக்கவுண்டன்ட்’ என்றால் அங்கே என்ன மென்பொருள் ஓடுகிறது என்று கேட்கவே வேண்டாம்.

எதிர் அறிகுறியையும் எழுதி வையுங்கள். ‘எச்ஆர் எக்ஸிகியூட்டிவ் தேவை’ என்று முதன்முறையாக விளம்பரம் வந்தால் எனக்கு ஆரம்பத்தில் ஒரே கொண்டாட்டம். ஆறு கம்பெனிக்குப் போன பிறகுதான் விளங்கியது: எச்ஆர் ஆளை எடுக்கிற கம்பெனி அந்த வேலையைத் தன் கைக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. அங்கே சம்பள மென்பொருள் விற்கலாம். என்னைப் போல வெளியே இருந்து வேலையைச் செய்து கொடுப்பவனுக்குக் கதவு அப்போதுதான் சாத்தப்படுகிறது.

மூன்று அறிகுறி, இரண்டு எதிர் அறிகுறி. தொடக்கத்துக்கு அது போதும்.

2. எங்கே தேடுவது

அலுவலக வேலைகளுக்கும் இன்ஜினியர்களுக்கும் நௌக்ரி, இண்டீட், லிங்க்ட்இன். தொழிற்சாலை, கடை, டெலிவரி வேலைகளுக்கு அப்னா, வொர்க்இந்தியா. அரசுத் தரப்பில் மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் தனியார் துறை வேலைத் தளமும் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தனியார் துறை முகாம்களுக்கு நேரில் போங்கள். எந்தெந்தக் கம்பெனி மேஜை போட்டிருக்கிறது என்று பார்ப்பதோடு, அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவரின் பெயரையும் பதவியையும் தெரிந்துகொள்ளலாம். எந்தத் தளமும் தராத தகவல் அது.

இதையெல்லாம் செய்த பிறகும் சிறு தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை உங்கள் கண்ணில் படாது. அவர்கள் இணையத்துக்கு வருவதே இல்லை. கேட் பலகை, தினசரியின் வரி விளம்பரம், வாட்ஸ்அப் குழு, டீக்கடைச் சுவரில் ஒட்டிய ஏ4 தாள், இவைதான் அவர்களின் தளம். வாரத்தில் ஒரு காலை, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். குறிச்சி சிட்கோ ஒரு வாரம், அரசூர், நீலம்பூர் அடுத்த வாரம், கணபதி அதற்கடுத்த வாரம் என்று நான் போகிறேன். பலகையைப் படம் எடுத்தால் தேதியும் இடமும் படத்திலேயே பதிந்துவிடும். கேமராவில் இடப்பதிவை மட்டும் முன்கூட்டியே ஆன் செய்துவிடுங்கள். நான் முதல் இரண்டு மாதம் அதைச் செய்யாமல், எந்தப் பலகை எந்தத் தெரு என்று தெரியாமல் விழித்தேன்.

கணினி கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு: கூகுள் அலர்ட் இலவசம். ‘டைம் ஆபீஸ் கோயம்புத்தூர்’ போன்ற சொற்களைப் போட்டு வைத்தால் புதிதாக எதாவது வரும்போது மின்னஞ்சல் வரும். ஐடி கம்பெனிகளுக்கு விற்பவர்கள் அந்தக் கம்பெனிகளின் சொந்த ‘கேரியர்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். கிரீன்ஹவுஸ், லீவர் போன்ற ஆள்சேர்ப்பு மென்பொருளில் ஓடும் பக்கங்களுக்கு, நிரல் மூலம் படிக்கும் பொது வழியை அந்த மென்பொருள்களே திறந்து வைத்திருக்கின்றன. கூகுளின் வேலைத் தேடலில் வருவதற்காக, விளம்பரம் போட்ட தேதி, முடியும் தேதி, இடம், சம்பளம் ஆகியவற்றைத் தனித்தனிப் புலங்களாகப் பக்கத்துக்குள் எழுதி வைக்கும் நிறுவனங்களும் உண்டு. அவற்றையும் படிக்கலாம். ஆனால் வேலைத் தளங்களிலிருந்து மொத்தமாக உறிஞ்சும் நிரல்களை எழுதாதீர்கள். லிங்க்ட்இன் போன்ற தளங்களின் விதிமுறைகளே அதைத் தடுக்கின்றன. கணக்கு முடங்கினால் நஷ்டம் உங்களுக்கு. ஒரு மாவட்டத்தில் தொழில் செய்பவருக்கு நாளைக்கு 15, 20 விளம்பரத்தைக் கண்ணால் படித்துக் கையால் ஏற்றுவதே போதும். படிக்கும்போது கண்ணில் படுகிற விஷயம் நிரலுக்குப் படாது.

3. பட்டியலை இப்படிப் போடுங்கள்

கூகுள் ஷீட் போதும். நான் வைத்திருக்கும் பத்திகள்: நிறுவனம், ஆலை இருக்கும் இடம், வேலை, எத்தனை பேர், சம்பளம், எத்தனை மணி நேர ஷிஃப்ட், விளம்பரத்தின் வாசகம் அப்படியே, எங்கே பார்த்தது, யார் போட்டது, முதலில் பார்த்த தேதி, கடைசியாகப் பார்த்த தேதி, சரிபார்த்த குறிப்பு, அழைத்த தேதி, நடந்தது என்ன.

முதலில் பார்த்த தேதி, கடைசியாகப் பார்த்த தேதி ஆகிய இரண்டு பத்திகளில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. தளம் காட்டும் தேதியை நம்ப வேண்டாம். ஒரே விளம்பரத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து ‘இன்று’ என்று காட்டவைக்கலாம். நீங்கள் கண்ணால் பார்த்த நாள் மட்டுமே உங்களுடைய தேதி.

அந்த இரண்டுக்கும் இடைவெளி 10 நாள் என்றால் ஆள் கிடைத்துவிட்டது. 60 நாளுக்கு மேல் ஓடினால் இரண்டில் ஒன்று: ஆள் கிடைக்கவில்லை, அல்லது சேருகிற ஆள் நிற்கவில்லை. ஹெல்பர் வேலைக்கு வருஷம் முழுக்கப் பலகை தொங்கும் கம்பெனிகள் உண்டு. அதைப் பார்த்து வளர்ச்சி என்று நினைத்து உள்ளே போனால் பாக்கி வசூலிக்க நடக்க வேண்டிவரும். நான் நடந்திருக்கிறேன். ஆனால் ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கு அதே 60 நாள் விளம்பரம் நல்ல வாய்ப்பு, ஏன் ஆள் நிற்கவில்லை என்று முதலில் தெரிந்துகொண்டால்.

பருவத்தையும் மனதில் வையுங்கள். தீபாவளி போனஸ் வாங்கியதும் வேலை மாறுகிறவர்கள் அதிகம். வட மாநிலத் தொழிலாளர்கள் தீபாவளி, ஹோலி சமயத்தில் ஊருக்குப் போனால் எல்லோரும் திரும்பி வருவதில்லை. அந்த வாரங்களில் முளைக்கும் விளம்பரம் காலி இடத்தை நிரப்பத்தான். பண்டிகை எதுவும் இல்லாத ஜூலையில் முளைக்கும் விளம்பரத்தை நான் அதிகம் மதிக்கிறேன்.

ஒரே கம்பெனி மூன்று பெயரில் வரும். பலகையில் ஒரு பெயர், நௌக்ரியில் ஒரு பெயர், ஜிஎஸ்டியில் வேறு பெயர். ஜிஎஸ்டி எண் தெரிந்தால் அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பான் ஒன்றாக இருந்தால் உரிமையாளர் ஒருவரே.

4. ஃபோனை எடுக்கும் முன் சரிபாருங்கள்

இதற்குக் காசு ஆகாது. ஒரு கம்பெனிக்குப் பத்து நிமிடம்.

ஜிஎஸ்டி இணையத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ பகுதி யாருக்கும் திறந்திருக்கிறது. ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் சட்டப்படியான பெயர், வணிகப் பெயர், பதிவான தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வரும். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தொடங்கிய தேதியும் பதிவு முகவரியும் பார்க்கலாம்.

மூன்றாவது இடத்தைப் பலர் பார்ப்பதில்லை. பிஎஃப் அமைப்பின் தளத்தில் ‘எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்’ என்று ஒன்று இருக்கிறது. லாகின் வேண்டாம். கம்பெனி பெயரைக் கொடுத்துத் தேடி, பணம் கட்டிய விவரத்தைத் திறந்தால், ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரிசையாக வரும். போன வருஷம் 34 பேர், இந்த மாதம் 51 பேர் என்றால் விளம்பரம் சொல்வது உண்மை. ‘100 பேர் உடனடித் தேவை’ என்று பலகை போட்டவர் நாலு மாதமாகப் பணமே கட்டவில்லை என்றால், அவரிடம் நீங்கள் எதற்குப் போகிறீர்கள் என்று இன்னொரு முறை யோசியுங்கள். ஒரு எச்சரிக்கை: கான்ட்ராக்டர் மூலம் வரும் ஆட்கள் பெரும்பாலும் கான்ட்ராக்டரின் கணக்கில் இருப்பார்கள். இங்கே 40 என்று காட்டும் ஆலையில் உள்ளே 150 பேர் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

10 பேரைத் தொட்டால் இஎஸ்ஐ கட்டாயம், 20 பேரைத் தொட்டால் பிஎஃப் கட்டாயம். இந்த இரண்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கம்பெனி ஆள் எடுத்தால் எனக்கு அது தனி நிறத்தில் குறிக்க வேண்டிய வரி. உங்கள் தொழிலிலும் இப்படி ஓர் எல்லை இருக்கும், கண்டுபிடியுங்கள்.

பொறிகள் மூன்று. முதலாவது, கன்சல்டன்சி (ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனம்) போடும் விளம்பரம். ‘முன்னணி நிறுவனத்துக்கு’ என்று போட்டிருந்தால் கம்பெனியின் பெயர் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே வேலைக்கு நாலு கன்சல்டன்சி நாலு விளம்பரம் போடும். நீங்கள் நாலு கம்பெனி என்று எண்ணிவிடுவீர்கள். இடம், மெஷின், ஷிஃப்ட் நேரம், சம்பளம் நாலும் ஒத்துப்போனால் அது ஒரே வேலை. இரண்டாவது, தலைமை அலுவலக முகவரி. விளம்பரத்தில் பீளமேடு என்று இருக்கும், ஆலை பொள்ளாச்சிச் சாலையில் இருக்கும். மூன்றாவது, மோசடி. சேருவதற்கு முன் ‘பதிவுக் கட்டணம்’, ‘யூனிஃபார்ம் பணம்’ என்று கேட்கும் எண்களை பட்டியலில் ஏற்றாதீர்கள். அப்படிப்பட்ட விளம்பரத்தை உங்கள் குழுவில் பகிர்ந்தால் நாளைக்கு உங்கள் பெயரும் சேர்ந்து கெடும்.

5. எந்தத் தேதியில் அழைப்பது

இதில் நான் செய்த தவறு கேவலமானது. பிஎஃப் வேலை செய்பவன், 14ஆம் தேதி கம்பெனி அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு ஃபோன் போட்டிருக்கிறேன்.

சின்னக் கம்பெனியில் எச்ஆர், அக்கவுண்ட்ஸ், டைம் ஆபீஸ் எல்லாம் ஒருவரோ இருவரோதான். அவர்கள் மாதம் இப்படி ஓடும்: 1 முதல் 7 வரை சம்பளம், கூடவே டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமானவரி). 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டிக்கான விற்பனைக் கணக்கு). 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ. 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி வரி கட்டும் கணக்கு). ஆக 16, 17, 18 ஆகிய நாட்கள் உங்களுடையவை. அடுத்து 21 முதல் 27 வரை. காலை 11 மணிக்கு முன்னால் வேண்டாம், முதல் ஷிஃப்ட்டில் யார் வரவில்லை என்ற பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மணிக்கு மேல் நன்றாகப் பேசுவார்கள்.

விளம்பரத்தைப் பார்த்த மறுநாளே ஓடாதீர்கள். விளம்பரத்தில் இருக்கும் எண்ணுக்கு அன்று நூறு பேர் வேலை கேட்டு அழைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரம் விட்டு அழையுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப் போடவும் வேண்டாம்.

விளம்பரத்தில் இருப்பது ஆள் எடுப்பவரின் எண். உங்கள் பொருளை வாங்குவது அவர் இல்லை. அந்த எண்ணில் விற்கத் தொடங்கினால், “அதெல்லாம் எங்க முதலாளிதாங்க பாப்பாரு” என்று வைத்துவிடுவார். கம்பெனியின் பொது எண்ணைத் தேடி, அக்கவுண்ட்ஸையோ மேனேஜரையோ கேளுங்கள். முப்பது பேருக்குக் கீழே உள்ள இடங்களில் நேராக முதலாளிதான், அவரையும் ஆலையில்தான் பிடிக்க முடியும்.

6. என்ன பேசுவது

நீங்கள் துப்பறிந்து வைத்ததையெல்லாம் கொட்டாதீர்கள். “உங்க கம்பெனி மூணு மாசத்துல நாலு விளம்பரம் போட்டிருக்கீங்க, பிஎஃப்ல 51 பேர் காட்டுது” என்று ஒருமுறை ஆரம்பித்தேன். எதிர்முனையில் இருந்தவர், “நீங்க எந்த டிபார்ட்மென்ட்ல இருந்துங்க பேசறீங்க?” என்று பயந்து கேட்டார். இன்ஸ்பெக்ஷன் என்றே நினைத்துவிட்டார் பாவம்.

இப்போது நான் சொல்வது இவ்வளவுதான்: “வணக்கங்க. கேட்ல டைம் ஆபீஸ்க்கு ஆள் கேட்டிருந்தீங்க, பார்த்தேன். நான் இந்த ஏரியாவுல சம்பளக் கணக்கு, பிஎஃப் வேலை செஞ்சு குடுக்கறேங்க. ஆள் கிடைக்கற வரைக்கும் ஒரு மாசம் நான் பார்த்துக் குடுக்கட்டுங்களா?” விளம்பரத்தை ஒரு முறை சொன்னால் போதும். அவர் ஏற்கெனவே அனுபவிக்கும் சிரமத்திலிருந்து பேச்சு தொடங்குகிறது. வேண்டாம் என்றால், “சரிங்க, ஆள் கிடைச்சுதுங்களா?” என்று மட்டும் கேட்டு, பதிலைப் பட்டியலில் எழுதுங்கள். அந்தப் பதில் அடுத்த மாதம் உதவும்.

7. இதே பட்டியலை வைத்து ஆள் தேடுவது

ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையில் விளம்பரத் தரவின் முதல் பயன் சம்பளம்தான். ஒரு முதலாளி 16,000 ரூபாய்க்கு விஎம்சி செட்டர் கேட்பார். வாதாடாதீர்கள். அவருடைய ஆலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இந்த மாதம் வந்த அதே வேலை விளம்பரங்களை ஒரு தாளில் அச்சடித்து முன்னால் வையுங்கள். பேசவேண்டியதை அந்தத் தாள் பேசும்.

தாளை அடிக்கும் முன் மணி நேரத்தைச் சரிபாருங்கள். ‘22,000 வரை’ என்று இருக்கும், அது 12 மணி நேரத்துக்கு, ஓவர்டைம் சேர்த்த கணக்கு. பக்கத்துக் கம்பெனி 18,000 என்று போட்டிருக்கும், அது 8 மணி நேரத்துக்கு. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் உங்களை விவரம் தெரியாதவர் என்று முதலாளியே கண்டுபிடித்துவிடுவார். ஷிஃப்ட் நேரத்துக்கு நான் தனிப் பத்தி வைத்திருப்பது இதனால்தான்.

இன்னொரு நுணுக்கம் இஎஸ்ஐ வரம்பு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரைதான் இஎஸ்ஐ. தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி போடுவது 3.25 சதவீதம். வீட்டில் வயதான பெற்றோரோ கர்ப்பிணி மனைவியோ இருப்பவர் 21,500 ரூபாய் வேலையை விட்டுவிட்டு, 20,500 ரூபாயோடு இஎஸ்ஐ இருக்கும் வேலையை எடுப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ‘ஏன் சார் கம்மியான இடத்துக்குப் போறான்’ என்று முதலாளி கேட்டால் சொல்ல உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது பயன், யாரிடம் ஆள் இருக்கிறது என்று தெரிவது. ஒரு வருஷத்துக்கு முன் பத்து செட்டர் எடுத்த கம்பெனி இப்போது எந்த விளம்பரமும் போடவில்லை, பிஎஃப் கணக்கில் ஆள் எண்ணிக்கை இறங்குகிறது என்றால், அங்கே இருப்பவர்கள் ஃபோனை எடுப்பார்கள். ஆனால் உங்களுக்குக் காசு கொடுக்கும் வாடிக்கையாளரின் ஆலையிலிருந்து ஆளை இழுக்காதீர்கள். கோவை சின்ன ஊர். சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

மூன்றாவது, உங்கள் சொந்த விளம்பரத்தின் வாசகம். நாங்கள் ‘தகுதியான இயந்திர இயக்குநர்கள் வரவேற்கப்படுகிறார்கள்’ என்று எழுதியபோது ஒருவரும் வரவில்லை. ‘விஎம்சி, ஃபனுக், செட்டிங் தெரியணும், 8 மணி நேரம், இஎஸ்ஐ பிஎஃப், நீலம்பூர்’ என்று எழுதிய அன்று மாலைக்குள் பதினொரு அழைப்பு. ஆள் கிடைத்த விளம்பரங்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று உங்கள் பட்டியலிலேயே பார்க்கலாம். அதற்குத்தான் வாசகத்தை அப்படியே ஏற்றச் சொன்னேன்.

8. கையில் இருக்கவேண்டிய காகிதங்கள்

முதலாளி சரி என்றதும் கேட்பவை: பான், வங்கி விவரம், ஜிஎஸ்டி இருந்தால் சான்றிதழ், உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு). உத்யம் பதிவு முழுக்க இலவசம், அரசுத் தளத்தில் ஆதாரை வைத்து நீங்களே செய்யலாம். 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்று சொல்பவர்களை விடுங்கள். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி வரம்பு வருஷத்துக்கு 20 லட்ச ரூபாய். பதிவு செய்தால் கட்டணத்தோடு 18 சதவீதம் சேரும். அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பில் கொடுக்கும்போது சொன்னால் சண்டை.

ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு வழக்கமான கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். ஆபரேட்டர், ஹெல்பர் என்றால் தலைக்கு இவ்வளவு என்று பேசுவது நடைமுறை. எழுத்தில் இருக்கவேண்டிய நாலு விஷயம்: எவ்வளவு, எந்தத் தேதிக்குள், சேர்ந்தவர் எத்தனை நாளுக்குள் வேலையை விட்டுப் போனால் மாற்று ஆள் (நான் 60 நாள் வைக்கிறேன், 90 கேட்பார்கள்), நீங்கள் அனுப்பிய ஆளை அவர்கள் ஆறு மாதம் கழித்து நேரடியாக எடுத்தாலும் கட்டணம் உண்டா. ஒரு பக்கக் கடிதம் போதும். அந்தக் கடிதம் இல்லாமல் வாய்ப்பேச்சில் நாலு பேரை அனுப்பி, ‘அவங்க தானா வந்தாங்க’ என்று கேட்டுத் திரும்பிய நாள் எனக்கு உண்டு.

பணம் வரும்போது பெரும்பாலும் டிடிஎஸ் பிடித்துக்கொண்டுதான் வரும். ஆள்தேர்வுக் கட்டணத்தைத் தொழில்முறைச் சேவையாகக் கணக்கிட்டு 10 சதவீதம் பிடிப்பார்கள். அது போகவில்லை, வருமானவரிக் கணக்கில் உங்கள் பெயரில் நிற்கும். ஆனால் கையில் வருவது குறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள்.

வேலை தேடுபவரிடம் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். வெளிநாட்டு வேலை விளம்பரங்களைத் தொடவே தொடாதீர்கள். அதற்கு 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் தனிப் பதிவு வேண்டும். பதிவில்லாமல் ஒருவரை அனுப்பினாலும் குற்றம்.

9. ஃபோன் எண்ணும் தனிநபர் தகவலும்

ஒரே சிம்மிலிருந்து நாளைக்கு நூறு விற்பனை அழைப்பு போட்டால் புகார் வரும். இப்போதைய டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, பதிவு செய்யாத எண்ணைப் பற்றி 10 நாளில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை. முதல் முறை 15 நாள் வெளி அழைப்பு முடங்கும். மறுபடியும் நடந்தால் இணைப்பே ஒரு வருஷத்துக்குப் போகும். அதனால் நான் நாளைக்கு எட்டு அழைப்புக்கு மேல் போடுவதில்லை. மொத்தமாக விளம்பர எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும் என்றால் டிஎல்டி பதிவு (வணிகச் செய்தி அனுப்புபவர்களுக்கான தொலைத்தொடர்புப் பதிவு), அனுப்புநர் பெயர், வாசக ஒப்புதல் எல்லாம் வேண்டும். எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அது தேவைப்படாது.

கம்பெனியைப் பற்றிய தகவல் வேறு, மனிதரைப் பற்றிய தகவல் வேறு. வேலை தேடுபவரின் பயோடேட்டா, ஆதார் நகல், சம்பளச் சீட்டு ஆகியவற்றை அவர் சம்மதம் இல்லாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன, கடமைகள் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. நான் செய்வது எளிது. ‘உங்கள் விவரத்தை இந்தக் கம்பெனிக்கு அனுப்பலாமா’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, ‘சரி’ என்ற பதில் வந்த பிறகே அனுப்புகிறேன். ஆதார் நகலை வேலைக்குச் சேரும் நாளுக்கு முன் வாங்குவதே இல்லை. ஆறு மாதம் பேசாதவரின் பயோடேட்டாவை அழித்துவிடுகிறேன்.

10. செலவும் காலமும்

எனக்கு மாதம் ஆவது இவ்வளவுதான்: தொழிலுக்கென்று தனி சிம் 300 ரூபாய் சொச்சம், வாரச் சுற்றுக்குப் பெட்ரோல் 1,200, விசிட்டிங் கார்டும் அச்சும் 400. பணம் கட்டித் தரவு வாங்கும் சேவைகளை முதல் ஆறு மாதம் தொடவேண்டாம். பலவற்றில் கட்டணம் டாலரில் வரும். அவற்றில் பெரிய கம்பெனிகளும் ஐடி வேலைகளும்தான் நன்றாக இருக்கும், குறிச்சி சிட்கோவின் கேட் பலகை இருக்காது. லிங்க்ட்இன் சேல்ஸ் நேவிகேட்டர் போன்றவை ஐடி கம்பெனிகளுக்கு விற்பவருக்கு உதவலாம். இலவச சோதனைக் காலத்தை எடுத்தால் முடியும் தேதியை ஃபோனில் அலாரம் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கார்டிலிருந்து பணம் போய்விடும்.

நேரம் என்று பார்த்தால், தினமும் காலை 40 நிமிடம் தளங்கள், வாரம் ஒரு காலை சுற்று, மாதத்தில் பத்து நாள் அழைப்பு. முதல் நாலு வாரம் யாருக்கும் ஃபோன் செய்யாமல் பட்டியலை மட்டும் ஏற்றுங்கள். எது புதிது, எது எப்போதும் தொங்குகிற பலகை என்று பிரிக்க அத்தனை நாள் வேண்டும். எனக்கு முதல் வாடிக்கையாளர் பதினோராவது வாரம் கிடைத்தார், சின்னியம்பாளையம் பக்கம் ஒரு பவுண்டரி (வார்ப்படத் தொழிற்சாலை), 23 பேர். அவர் பலகையை நான் முதலில் பார்த்தது நாலாவது வாரம். அதற்குள் அவர் டைம் ஆபீசுக்கு இரண்டு பேரை எடுத்து, இரண்டு பேருமே வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.